டிரம் கழலவில்லை, சுத்தியலை எடுக்கலாமா?

கேள்வி: என்னுடைய சிறிய காரில் பின்சக்கர பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. வீட்டிலேயே மாற்றலாம் என்று புது செட் வாங்கி, சக்கரத்தையும் கழற்றிவிட்டேன். ஷூக்களை மூடியிருக்கும் கிண்ணம் போன்ற டிரம் மட்டும் அசையவே மறுக்கிறது. ஓங்கி அடித்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். டிரம் வார்ப்பிரும்பால் ஆனது. விளிம்பில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். முதலில் ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அதை மறந்துவிட்டு டிரம்மோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. இறக்கும் முன்பே, வண்டி உருளாமலிருக்க முன்சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள்.

பல டிரம்களின் முகப்பில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் பொருந்தும். இரண்டையும் மாற்றி மாற்றி அரைச்சுற்றாக முறுக்கினால், துருப்பிடித்து ஒட்டிய டிரம் மெல்ல வெளியே வரும். கொஞ்சம் வந்து மறுபடியும் நின்றுவிட்டால் குற்றவாளி துரு அல்ல. ஷூ உரசும் இடத்தில் டிரம் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். தேயாத விளிம்பு வரப்புபோல நின்று ஷூவைப் பிடித்துக்கொள்ளும். ஷூக்கள் பொருத்தப்பட்டிருக்கும் பின்தகட்டில் ரப்பர் மூடி இருந்தால் அதை எடுத்து, அந்தத் துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரால், ஷூக்களை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ஷூக்கள் உள்வாங்கியதும் டிரம் வந்துவிடும். நடுவே தொப்பி மூடிய பெரிய நட்டுடன், பேரிங்கும் டிரம்மும் ஒன்றாக இருக்கும் வகை என்றால், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சு கையில் இல்லாமல் தொட வேண்டாம்.

உள்ளே கறுப்புத் தூசி படிந்திருக்கும். ஊதவே கூடாது, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் பழையதென்றால், அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் திறங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற சந்தேகம் கட்டாயம் வரும். கைப்பேசியில் எடுத்த படத்தைவிட, கழற்றாத அந்தப் பக்கம் தெளிவாகப் பதில் சொல்லும். இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிராக இருக்கலாம் என்பதால், இரண்டையும் கலந்துவிடாதீர்கள். டிரம் கழன்றிருக்கும்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

அந்தச் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே பிரேக் ஆயில் கசிந்திருந்தால், புது ஷூ போட்டும் பயனில்லை. ஆயில் பட்ட லைனிங் பிடிக்காது. சிலிண்டரை மாற்றி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே மற்ற வேலை. டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டித் தேய்ந்திருந்தால் டிரம்மும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

ஷூவின் ஓரம் பின்தகட்டில் உரசும் மேடுகளில் மட்டும், சூடு தாங்கும் கிரீஸைத் துளித்துளியாக வையுங்கள். லைனிங்கில் விரல்கூடப் படக் கூடாது. டிரம்மை மாட்டிக் கையால் சுற்றும்போது லேசாக உரசும் ஓசை கேட்கும் அளவுக்கு அட்ஜஸ்டரை விரியுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்குவது இதற்குப் பிறகுதான். ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யாமல் கேபிளை இழுத்துக் கட்டினால் பிரேக் பிடித்தபடியே ஓடிச் சூடாகும்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் மிதியைப் பலமுறை அழுத்தி, பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். மிதி பஞ்சுபோல அமுங்கினால் வண்டியை வாசலைத் தாண்ட விடாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.