அம்மா அப்பாவோட மாந்தோவா: ரெண்டு நாள்ல என்ன பாக்கலாம், என்ன சாப்பிடலாம்

கேள்வி: மிலான்ல வேலை பாக்கறேன், மே மாசம் அம்மா அப்பா ஊர்லேந்து வராங்க. ஃபிளாரன்ஸ் கூட்டத்துல அவங்கள அலைய விட பயமா இருக்கு, ஆபீஸ்ல ஒருத்தங்க மாந்தோவா போன்னு சொன்னாங்க. அப்பா பி.டபிள்யூ.டி.ல எஞ்சினியரா இருந்து ரிட்டையர் ஆனவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ரெண்டு பேரும் சைவம். ஒரு நாள் போதுமா? எனக்கு எல்லா சர்ச்சும் ஒரே மாதிரிதான் தெரியுது, அதுல என்னத்த பாக்கறது?

பதில்: தாராளமா போங்க, அதுவும் அப்பா எஞ்சினியர்னா ஃபிளாரன்ஸ விட மாந்தோவாவே நல்ல சாய்ஸ்னு சொல்வேன். காரணம் இதுதான். லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டின்னு ஒருத்தர், மறுமலர்ச்சி காலத்துல கட்டடக்கலை பத்தி பெரிய நூல் எழுதினவர், ஃபிளாரன்ஸ்ல சாந்தா மரியா நொவெல்லா சர்ச்சுக்கு அவர் செஞ்சது முகப்பு மட்டும்தான், பின்னாடி இருக்கறது அதுக்கு முந்தின காலத்து கோதிக் கட்டடம். ஒரு சர்ச் முழுசா அவர் மனசுல எப்படி இருந்துச்சுன்னு உள்ள நின்னு பாக்கணும்னா மாந்தோவாவுக்குத்தான் வரணும். அங்க அவரோட சர்ச் ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு, சாந்த் ஆந்த்ரேயா, சான் செபாஸ்தியானோ.

ஒரு நாள் போதாது, ஒரு ராத்திரி தங்குங்க. தூரம் ஒண்ணும் பிரச்சனை இல்ல, மிலானோ சென்ட்ராலேலேந்து நேரா ரீஜனல் ட்ரெயின் இருக்கு, சுமார் ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். சிக்கல் மத்தியானம்தான். சாந்த் ஆந்த்ரேயா மாதிரி சர்ச்செல்லாம் 12 மணி வாக்குல சாத்திட்டு 3 மணிக்கு மேலதான் திறப்பாங்க. காலைல கிளம்பி 11 மணிக்கு போய் இறங்கறவங்க அவசரமா ஒண்ண பாத்துட்டு, மூடின கதவுக்கு முன்னாடி பசியோட நிக்கறதுதான் வழக்கமா நடக்கறது. திங்கக்கிழமை வேண்டவே வேண்டாம், பலாட்ஸோ துகாலேங்கற அரண்மனை அன்னிக்கு லீவு. மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை அரசு மியூசியமெல்லாம் ஃப்ரீ, ஆனா ஃப்ரீன்னா கூட்டம் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா என்ன, முழங்கால் வலியோட க்யூல நிக்க வைக்காதீங்க.

முதல்ல ஊர் எப்படி இருக்குன்னு சொல்லிடறேன். மூணு பக்கமும் தண்ணி, மின்ச்சோ ஆத்த 12ஆம் நூற்றாண்டுல தடுத்து உண்டாக்கின ஏரிங்க. கோன்சாகா குடும்பம் 1328லேந்து 1707 வரைக்கும் ஆண்ட ஊர். சின்ன ராஜ்யம்தான், ஆனா கலைஞர்களுக்கு செலவு பண்றதுல தாராளம். சமவெளிங்கறதால பக்கத்துல நல்ல கல்லு கிடையாது, அதனால ஊர் பூரா செங்கல்லும் சுட்ட மண்ணும்தான். இத அப்பாகிட்ட ட்ரெயின்லயே சொல்லிடுங்க, ஏன்னா அங்க மார்பிள் மாதிரி தெரியறதுல பாதிக்கு மேல செங்கல்லு மேல சுண்ணாம்பு பூசினது. யாருமே சொல்லாட்டியும் அவர் தட்டிப் பாத்து கண்டுபிடிச்சிடுவார்னு வைங்க.

இப்ப சாந்த் ஆந்த்ரேயா. உள்ள ஓடாதீங்க, எதிர்ல சின்ன சதுக்கம் இருக்கு, அங்க ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. முகப்ப நல்லா பாருங்க, நடுவுல ஒரு பெரிய வளைவு, ரெண்டு பக்கமும் உயரமான சதுரத் தூணுங்க, மேல முக்கோணம். ரோம்காரங்க போர்ல ஜெயிச்சா கட்டற வெற்றி வளைவையும் அவங்க கோயில் முகப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஒட்டினா இதுதான் வரும். அந்த டிசைன மனசுல வெச்சுக்கிட்டு உள்ள போய் பக்கவாட்டு சுவத்த பாருங்க. பெரிய வளைவு, ரெண்டு பக்கமும் தூணு, நடுவுல சின்ன கதவு, திரும்பவும் பெரிய வளைவு... வெளில பாத்த முகப்பே உள்ள சுவரா திரும்பத் திரும்ப வரும். எல்லா சர்ச்சும் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னீங்கல்ல, இந்த ஒரு விஷயத்த அங்க புடிச்சுட்டீங்கன்னா அப்புறம் எந்த சர்ச்சுக்குப் போனாலும் வெளியில பாத்ததுக்கும் உள்ள இருக்கறதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கண்ணு தானா தேட ஆரம்பிச்சிடும்.

அடுத்தது அப்பாவுக்கான பாடம். உள்ள வரிசையா தூண் நட்டு நடு மண்டபம், ஓர மண்டபம்னு பிரிக்கல, ஒரே ஹால், மேல அரை உருளை மாதிரி வளைஞ்ச கூரை, அகலம் 17, 18 மீட்டர் இருக்கும், எல்லாம் செங்கல்லு. அவ்வளவு கனம் ரெண்டு பக்கமும் வெளிய தள்ளுமே, எது தாங்குதுன்னு கேட்டா, பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன சேப்பலுங்க, அதாவது வழிபாட்டு அறைங்களோட கனமான சுவருங்கதான். அலங்காரம்னு நாம நினைக்கறது அங்க முட்டுக்கொடுத்து நிக்குது. கூரைல குழி குழியா தெரியறது செதுக்கினது இல்ல, பின்னாடி வந்தவங்க பெயிண்ட் பண்ணினது, கீழேந்து பாத்தா சுத்தமா ஏமாந்துடுவோம்.

இத ஏன் இப்படி திறந்த ஹாலா கட்டினாங்கன்னா, கிறிஸ்துவோட ரத்தம் ஊறின மண்ணுன்னு நம்பற ஒரு புனிதப் பொருள் இங்க இருக்கு, சிலுவைல ஈட்டியால குத்தின லாஞ்ஜினுஸ் கொண்டுவந்தார்னு ஐதீகம். அத பாக்க எக்கச்சக்க ஜனம் வரும், எல்லாரும் பாக்கணும்னா நடுவுல தூணு மறைக்கக்கூடாது. ஊர ஆண்ட லுதோவிக்கோ கோன்சாகாவுக்கு 1470ல ஆல்பெர்ட்டி எழுதின லெட்டர்ல, என் டிசைன்ல இடம் அதிகம், காலத்துக்கும் நிக்கும், செலவும் குறைவுன்னு சொல்றார், அந்தக் கால டெண்டர் கொட்டேஷன்னே வெச்சுக்கலாம். ஆனா வேலை ஆரம்பிச்சது 1472 ஜூன்ல, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஏப்ரல்லயே மனுஷன் ரோம்ல இறந்துட்டார். லூக்கா ஃபான்செல்லிங்கறவர்தான் எடுத்துக் கட்டினார். கும்மட்ட வேலை ஆரம்பிச்சது 1732ல, ஃபிலிப்போ யுவாரா டிசைன். ப்ராஜெக்ட் டிலே பத்தி அப்பாகிட்ட இருக்கற கதையெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்காது. அந்த ரத்தப் பொருள் இருக்கறது கீழ நிலவறைல, புனித வெள்ளி அன்னிக்குத்தான் வெளிய எடுப்பாங்க, மே மாசத்துல பாக்க முடியாது, ஆனா கும்மட்டத்துக்கு நேர் கீழ எட்டு மூலையா ஒரு கைப்பிடிச்சுவர் இருக்கும், அதுதான் அந்த இடம்னு தெரிஞ்சுக்கலாம். வெளிய வரும்போது, நுழையற பக்கத்துலேந்து இடது கை முதல் சேப்பல்ல ஓவியர் மாந்தேன்யாவோட சமாதி, வெண்கலத்துல அவர் முகம், கொஞ்சம் கோவமா, யார்கிட்டயும் சமரசம் ஆகாத மூஞ்சி. விட்டுடாதீங்க.

டிரஸ் பத்தி ஒரு வார்த்தை. தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், அம்மா புடவைல வந்தா பிரச்சனையே இல்ல, அப்பா தொப்பிய கழட்டிடணும், செருப்ப கழட்ட வேண்டாம். பூஜை நடக்கும்போது மட்டும் உள்ள சுத்தக்கூடாது, பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாக்கலாம், முழங்காலுக்கும் ரெஸ்ட்.

பக்கத்துலயே பியாட்ஸா தெல்லே எர்பேங்கற சதுக்கத்துல தெரு மட்டத்துக்கு கீழ இறங்கி ஒரு வட்டமான குட்டி சர்ச், ரோத்தொந்தா தி சான் லொரென்ஸோ, 11ஆம் நூற்றாண்டு. மறுமலர்ச்சிக்கு ரொம்ப முந்தினது, பல காலம் வீடுங்களுக்குள்ள புதைஞ்சு கிடந்து 1900களோட ஆரம்பத்துலதான் திரும்பக் கண்டுபிடிச்சாங்க. பத்து நிமிஷம் போதும். கதீட்ரலுக்கும் அவ்வளவு போதும், முகப்பு 18ஆம் நூற்றாண்டு, உள்ள ஜூலியோ ரொமானோங்கற கலைஞர் 1545 வாக்குல மாத்தினது, நேரம் இருந்தா பாருங்க, இல்லாட்டி ஒண்ணும் நஷ்டம் இல்ல.

பலாட்ஸோ துகாலேவ முதல் நாள் மத்தியானத்துக்கு வெச்சுக்கோங்க, சர்ச் மூடியிருக்கற நேரம் அதுல போயிடும். 500 ரூமுக்கு மேல, எல்லாத்தையும் பாக்கணும்னு நினைச்சா அம்மா பாதிலயே உக்காந்துடுவாங்க. குறி காமெரா தெல்யி ஸ்போஸி ஒண்ணுதான். சுமார் 8 மீட்டர் சதுர ரூம், மாந்தேன்யா 1465லேந்து 1474 வரைக்கும் வரைஞ்சது. ஒரு நேரத்துக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு, சில நிமிஷம்தான் நிக்க விடுவாங்க, அதனால டிக்கெட்டோட அந்த ஸ்லாட்டையும் ஆன்லைன்ல முன்னாடியே போட்டுடுங்க. உள்ள போனதும் எல்லாரும் தலைய தூக்கி, கூரைல ஓட்டை போட்ட மாதிரி வரைஞ்ச வானத்த பாப்பாங்க, மேலேந்து பொண்ணுங்க எட்டிப் பாத்து சிரிக்கற மாதிரி இருக்கும், ஒரு செடித் தொட்டி ஒத்தக் கம்புல நிக்கும், எப்ப நம்ம தலைல விழுமோன்னு இருக்கும். நீங்க முதல்ல சுவத்த பாருங்க. லுதோவிக்கோ கைல லெட்டரோட உக்காந்திருக்கார், அவர் நாற்காலிக்கு அடில அவரோட நாய் படுத்திருக்கு. சுத்தி மொத்த அரசவையே நிக்குது, அது பாட்டுக்கு கிடக்குது.

அம்மா காலுக்கு ஒண்ணு சொல்லணும், இந்த ஊர் தெருவெல்லாம் ஆத்துக் கூழாங்கல்லு பதிச்சது, காலுக்குக் கீழ உருட்டும். பல இடத்துல நடுவுல தட்டையான கல்லு பட்டை ஓடும், அதுமேலயே நடக்கச் சொல்லுங்க. நல்ல ஷூ கட்டாயம். அரண்மனைல லிஃப்ட் வேணும்னா டிக்கெட் கவுண்ட்டர்லயே கேட்டுடுங்க, உள்ள போனப்புறம் தேடறது கஷ்டம்.

ரெண்டாவது நாள் காலைல பலாட்ஸோ தேங்கற இன்னொரு அரண்மனை. சென்டர்லேந்து நடந்தா இருபது நிமிஷம், பஸ்ஸும் இருக்கு. போற வழிலயே ஆல்பெர்ட்டியோட இன்னொரு சர்ச், சான் செபாஸ்தியானோ, 1460ல ஆரம்பிச்சது, எதிர்ல மாந்தேன்யா வீடு, சதுர வீட்டுக்கு நடுவுல வட்டமா ஒரு முற்றம். சான் செபாஸ்தியானோவ கட்டிக்கிட்டு இருக்கும்போதே லுதோவிக்கோவோட பையன், அவர் ஒரு கார்டினல், இது சர்ச்சா மசூதியா யூதர் கோயிலான்னே புரியலன்னு எழுதினார். நாலு பக்கமும் சமமா இருக்கற ப்ளான், பாத்தா அவர் குழப்பம் நியாயம்தான்னு தோணும். திறக்கற நேரம் கம்மி, மூடியிருந்தா வெளிலேந்தே பாத்துட்டு நடையக் கட்டுங்க.

தே அரண்மனை 1525லேந்து 1535க்குள்ள ஜூலியோ ரொமானோ கட்டினது, அவர் ஓவியர் ரஃபேலோட சிஷ்யர். உள்முற்றத்துல மேல பட்டைல வரிசையா இருக்கற கல்லுல அங்கங்க ஒண்ணு நழுவி கீழ இறங்கின மாதிரி இருக்கும். அப்பா உடனே ஸ்ட்ரக்சுரல் ஃபெயிலியர்னு ஆரம்பிப்பார், வேணும்னே செஞ்ச குறும்பு அது. உள்ள ராட்சசர்கள் ரூம்ல சுவரும் கூரையும் எங்க சேருதுன்னே தெரியாது, மொத்தமா இடிஞ்சு நம்ம மேல சரியற மாதிரி வரைஞ்சிருக்கார், ஒரு மூலைல ரகசியம் பேசினா எதிர் மூலைல கேக்கும், ட்ரை பண்ணுங்க. இன்னொண்ணு, அம்மா அப்பாவோட போறீங்க, அதனால முன்கூட்டியே சொல்லிடறேன், அமோர், ப்சிகேங்கற ரோமானியப் புராணக் காதல் ஜோடிய வரைஞ்ச ரூம்ல துணி ரொம்பக் கம்மி. கூரைய ரசிக்கற மாதிரி ரசிச்சுட்டு குதிரை ரூமுக்கு நகர்ந்துடுங்க, கோன்சாகா குதிரைங்க நிஜ சைஸ்ல நிக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். முட்டை சாப்பிடுவாங்களான்னு நீங்க சொல்லல, அதுலதான் எல்லாமே இருக்கு. சாப்பிடுவாங்கன்னா கவலையே இல்ல, ஊரோட பெருமையே தோர்தெல்லி தி ட்ஸுக்கா, பூசணிக்காய் பூரணம் வெச்ச பாஸ்தா. பூசணி, பொடிச்ச அமரெத்தி பிஸ்கட், சீஸ், ஜாதிக்கா, கூடவே மொஸ்தார்தா, அதாவது கடுகு எசன்ஸ் போட்ட பழ ஊறுகா, இனிப்பா ஆரம்பிச்சு மூக்குல ஏறும். கிறிஸ்துமஸ் முந்தின நாள் கறி சாப்பிடாத ராத்திரிக்கு செய்யற ஐட்டம், அதனால அடிப்படையிலயே கறி கிடையாது. ஆனா மேல ஊத்தறத கேளுங்க, "புர்ரோ எ சால்வியா"ன்னா வெண்ணெயும் சேஜ் இலையும், அத வாங்குங்க, சில கடைல பன்றிக் கொழுப்பு தாளிச்சுப் போடுவாங்க. இனிப்பா இருக்கே, இது சாப்பாடா ஸ்வீட்டான்னு அம்மா கேப்பாங்க, ஒரு ப்ளேட் வாங்கி மூணு பேரும் ருசி பாத்துட்டு அடுத்தத சொல்லுங்க.

முட்டை கிடையாதுன்னா இந்தப் பக்கத்து ஃப்ரெஷ் பாஸ்தால அனேகமா முட்டை உண்டு, "பாஸ்தா செக்கா", அதாவது காஞ்ச பாஸ்தான்னு கேட்டு வெறும் தக்காளி சாஸ்ல வாங்குங்க. பொலென்தாங்கற சோள மாவுக் களியும் காய்கறி கிரில்லும் கிடைக்கும். ரிஸோத்தோங்கற அரிசிச் சாதத்த நம்பாதீங்க, இந்த ஊர் ஸ்பெஷல் அல்லா பிலோத்தால பன்றிக்கறி இருக்கும், வேற ரிஸோத்தோன்னாலும் கறி வேகவெச்ச தண்ணில செய்யலாம். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா ப்ரோதோ", கறி, மீன், சூப் தண்ணி எதுவும் வேண்டாம்னு அர்த்தம், இத போன்ல எழுதி வெச்சு காட்டிடுங்க. கிரானா, பார்மிஜானோ சீஸ் ரெண்டுமே கன்னுக்குட்டி வயித்துலேந்து எடுக்கற உறைமோர்ல செய்யறது, அத வீட்டுல சொல்றதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. மெனுல அஸினோன்னு பாத்தா கழுதை, லூச்சோன்னா ஏரி மீன்.

ஏரிப்பக்கம் சாயங்காலம் நடக்கலாம், கொசு உண்டு, க்ரீம் எடுத்துட்டுப் போங்க. மேல் ஏரில தாமரைக் காடே இருக்கு, 1921ல கொண்டுவந்து விட்டது, ஆனா பூக்கறது ஜூலை ஆகஸ்ட்ல, மே மாசம் பூ பாக்க முடியாது. அம்மாகிட்ட ஆசை காட்டிடாதீங்க.

வீட்டுக்கு ஸ்ப்ரிஸோலோனா வாங்கலாம், பாதாமும் சோள மாவும் போட்ட மொறுமொறு கேக், கத்தி வேண்டாம், கையாலயே உடைச்சு சாப்பிடறது, பல நாள் கெடாது. லேபிள்ல "ஸ்ட்ருத்தோ"ன்னு இருந்தா பன்றிக் கொழுப்பு, பழைய முறைல அதுதான் போடுவாங்க, வெறும் "புர்ரோ" போட்டதும் கிடைக்கும், தேடி வாங்குங்க, முட்டை அனேகமா ரெண்டுலயும் இருக்கும். பேப்பர் டிக்கெட் எடுத்தா ட்ரெயின் ஏறறதுக்கு முன்னாடி ப்ளாட்ஃபார்ம் மெஷின்ல ஸ்டாம்ப் பண்ணிடுங்க, இல்லாட்டி ஃபைன்.