பாட்டாவின் ஜாவாவுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? பழைய பைக் கேள்வி-பதில்

மழை பிடித்துக்கொண்டால் கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டி ஞாபகத்துக்கு வரும்போல. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: "ஒரிஜினல் கிடைக்கல."

பாட்டாவுடைய ஜாவா 250 இருபது வருசமா சும்மா கிடக்கு. பிஸ்டன், சீல், பேரிங் எல்லாம் மாத்தணுமாம். ஒருத்தர் பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் தர்றேங்கிறார். வாங்கலாமா அண்ணா? (குலசேகரம்)

பிரித்துப் பார்த்து வாங்கு தம்பி. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடியது. பெட்டிக்குள் எது இருந்தாலும் அதற்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். இரும்பு அதைத் தாங்கும், ரப்பர் தாங்காது. ஆயில் சீல் பெட்டியில் இருந்தபடியே விறைத்துப்போகும். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் விறைத்தால் காற்று உள்ளே கசியும், பெட்ரோல் கலவை வறளும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரிஜினல் என்ற பெயருக்காக அந்தச் சீலைப் போடவே போடாதே. பழைய சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து, அதே அளவில் புதுசு வாங்கு.

பேரிங்கைக் கடையில் ஜாவா பெயர் சொல்லிக் கேட்காதே, அதன் முகத்தில் வெட்டியிருக்கும் எண்ணைச் சொல்லு. 6204 என்று இருந்தால் உள்ளே 20 மி.மீ., வெளியே 47, தடிமன் 14. எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு அதுதான்.

பிஸ்டனை அவசரப்பட்டு வாங்காதே. முதலில் சிலிண்டரை அளக்கச் சொல். இந்த எஞ்சினின் துளை 65 மி.மீ. துளையை இன்னும் கொஞ்சம் கடைந்து பெரிதாக்க (போர் போட) இடம் இருந்தால், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைத் தேடலாம். இடம் இல்லையென்றால் உள்ளே ஸ்லீவ் என்ற புது இரும்புக் குழாயை அடித்து மறுபடி 65-க்கே கொண்டுவரலாம். ஸ்லீவில் பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் போர்ட் வாய்களைச் சரியாக வெட்டத் தெரிந்த லேத்காரர் வேண்டும், அவ்வளவுதான். "சிலிண்டர் போச்சு, தூக்கிப் போடு" என்று யார் சொன்னாலும் கேட்காதே. தொழில் பழகிய காலத்தில் இப்படி நல்ல சிலிண்டர் இரண்டை நானே ஆக்கர் கடைக்கு எடைக்குப் போட்டிருக்கிறேன். இன்றும் அது மனதில் கிடந்து உறுத்துகிறது. பற்றாக்குறையில் பாதியை நாம்தான் உண்டாக்கினோம்.

அப்பாவின் 1960-களின் புல்லட். கடையில் வாங்கின எட்டு எம்.எம். போல்ட் ரெண்டு மூணு சுத்து ஏறி இறுகிடுது. ஸ்பேனர் நீளமா வச்சுத் திருகலாமா? (தக்கலை)

கூடாது தங்கச்சி, உடனே கழற்றிவிடு. இங்கிலாந்தில் வரைந்த வண்டி அது. திருவொற்றியூரில் செய்தபோதும் பெரும்பாலும் அங்குல மரைதான். 5/16 அங்குல பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நுண்மரை) போல்ட் 7.94 மி.மீ., எட்டுக்கு வெகு கிட்டே. ஆனால் அதில் அங்குலத்துக்கு 22 மரை, சாதாரண எட்டு எம்.எம். போல்டில் இருபதுக்குச் சற்று மேல். மரையின் கோணமும் வேறு: அதில் 55 பாகை, இதில் 60. அதனால்தான் இரண்டு சுற்று ஏமாற்றிவிட்டு நிற்கிறது. பலம் கொடுத்தால் அலுமினிய உறையின் மரை உரிந்துபோகும், போன உறைக்கு எங்கே போவது? மரை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள். பழைய போல்ட் தேய்ந்திருந்தாலும் அதையே மாதிரியாகக் கொடுத்து லேத்தில் கடைந்து வாங்கு.

கடற்கரை வீடு. ஒரிஜினல் ரிம்மில் குரோம் உரியுது. மாத்திடவா? (குளச்சல்)

குழி ஆழமில்லை என்றால் பாலீஷ் போட்டு, நிக்கல் ஏற்றி, அதன்மேல் குரோம் போடலாம். ஆழமாக அரித்திருந்தால் ஓட்டுவதற்கு வேறு ரிம் போட்டு, ஒரிஜினலை எண்ணெய் பூசி வீட்டுக்குள் தொங்கவிடுங்கள். தார்ப்பாய் மூடாதீர்கள், உப்பு ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

1972 ராஜ்தூத். விண்டேஜ் பதிவுக்கு எல்லாம் ஒரிஜினலா இருக்கணுமா? (மார்த்தாண்டம்)

2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்தாண்டு செல்லும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அந்தப் பதிவு உதவாது, யோசித்துச் செய்யுங்கள். பெயின்ட்காரரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: எஞ்சின் எண், சேஸி எண் மேல் உப்புத்தாள் படவே கூடாது.

டேங்க் பேட்ஜ் ஒரு பக்கம் பாதி உடைந்துவிட்டது. ஆன்லைனில் வருவதெல்லாம் எழுத்து மழுங்கிய நகல். (நாகர்கோவில்)

நகலிலிருந்து நகல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பு கரையும். நீங்கள் ஊரிலேயே வழி வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள். வடசேரியில் கோயில் நகை செய்யும் கைகளுக்கு இந்த அளவு நுணுக்கம் பெரிய காரியமில்லை. மறுபக்கத்து முழு பேட்ஜையும் உடைந்த பாதியையும் கொண்டுபோய், பித்தளையில் செய்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இடது, வலது ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் அந்த உடைந்த பாதியையும் மறக்காமல் திரும்ப வாங்கி வாருங்கள்.