நல்ல கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. பள்ளியில் கண் பரிசோதனை செய்தபோது வலது கண்ணில் பவர் அதிகம் என்றார்கள். நாலு மாதமாகக் கண்ணாடி போடுகிறாள். இப்போது டாக்டர், நன்றாகத் தெரியும் இடது கண்ணைத் தினமும் 2 மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடச் சொல்கிறார். ஒட்டினாலே அழுது பிய்த்துப் போடுகிறாள். “நல்ல கண்ணும் கெட்டுப்போகும். பொன்னாங்கண்ணிக் கீரை கொடு, பெரியவளானதும் லேசர் பண்ணிக்கலாம்” என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: லேசரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். லேசர் கருவிழியின் வளைவை மாற்றிப் பவரைக் குறைக்கும், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு இருப்பது சோம்பேறிக் கண். வலது கண் மங்கலான படத்தையே அனுப்பிக்கொண்டிருந்ததால், மூளை அதை ஒதுக்கிவிட்டு இடது கண்ணை மட்டும் நம்பப் பழகிவிட்டது. கண்ணாடி படத்தைத் தெளிவாக்கும். அதைப் பார்க்க மூளையைப் பழக்கத்தான் பேட்ச். 7 வயதுக்குள் இதற்குப் பலன் அதிகம். பிறகும் ஓரளவு முன்னேற்றம் வரும், ஆனால் அதற்கு ரொம்பப் பாடுபட வேண்டும்.

கீரை உடம்புக்கு நல்லது, கொடுங்கள். இந்தக் கோளாறை அது சரிசெய்யாது. மாமியாரின் பயத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது: அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வை குறைவது அபூர்வமாக நடக்கும். டாக்டர் மணிக்கணக்குச் சொல்வதும், குறித்த தேதியில் வந்து காட்டச் சொல்வதும் அதனால்தான். அடுத்த முறை மாமியாரையும் அழைத்துப் போங்கள். ஒரு கண்ணை மூடிப் பேத்தி எழுத்துப் பலகையைப் படிக்கத் திணறுவதை நேரில் பார்த்தால், நீங்கள் பேசி விளங்கவைக்க வேண்டியிருக்காது.

இனி அழுகை. அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல கண்ணை மூடியதும் அவளுக்கு உண்மையிலேயே சரியாகத் தெரியாது, பயப்படுகிறாள். முதல் சில நாட்கள் படிக்கட்டு, தெரு, சைக்கிள் பக்கம் தனியாக விடாதீர்கள். பள்ளி விட்டு வந்து சாப்பிட்டதும் என்று ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரமும் ஒரே மூச்சில் முடியாவிட்டால் பிரித்து ஒட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் வண்ணம் தீட்டுவது, பாசி கோப்பது, பல்லாங்குழி என்று கிட்டத்தில் உற்றுப் பார்க்கும் வேலையாகக் கொடுங்கள். பிடித்த கார்ட்டூனைக்கூட அப்போது மட்டும் போடலாம்; நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

பேட்சைத் தோலிலேயே ஒட்டி, அதன்மேல் கண்ணாடியைப் போடுங்கள். கண்ணாடியில் ஒட்டினால் மூக்கோரமாக எட்டிப் பார்த்துவிடுவாள், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எடுக்கும்போது ஈரத்துணியால் நனைத்து மெதுவாக உரியுங்கள். தோல் சிவந்து புண்ணாகிறது, எப்படியும் ஒட்டவிடுவதில்லை என்றால் சில குழந்தைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து போட்டு அதைத் தற்காலிகமாக மங்கலாக்குவார்கள். பலருக்குப் பேட்ச் அளவுக்கே பலன் தருகிறது. ஆனால் அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்; மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

பார்வை கூடிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று விட்டால் திரும்பவும் குறையலாம், அதனால்தான் படிப்படியாகக் குறைப்பார்கள். அப்புறம், தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது. ஒரு கண் நன்றாகத் தெரியும் குழந்தை தானாக வந்து எதுவும் சொல்லாது.