கிராணியார் பதில்கள்: இரு கரையிலும் வெள்ளி

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறான். மாதம் 3,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம். நம் மலேசியக் காசுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. தோட்டத்தில் எல்லாரும் ‘உனக்கென்ன குறை’ என்கிறார்கள். அவனோ மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறான். பிள்ளை தப்பு வழியில் போகிறானோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை.
(ஒரு தாயார், லாயாங் லாயாங்)

பதில்: அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். பிள்ளை சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தப்பு அவனிடம் இல்லை, அந்த ஒன்பதாயிரத்தில் இருக்கிறது.

ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் கிராணியாக (கணக்கராக) இருந்து, ஆட்களின் வருகையையும் கூலியையும் பதியும் செக்ரோல் எழுதியவன் நான். எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள். பால்வெட்டுக் கூலி இரண்டிலும் ஒன்றேதான். சாலையோர டிவிஷன்காரர்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய், நான்கு கடை ஏறி இறங்கி மளிகை வாங்கினார்கள். உள்ளே ஒன்பது மைல் தள்ளியிருந்த டிவிஷனில் இருந்தது ஒரே ஒரு கடை. அரிசிக்கும் கருவாட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடைக்காரர் சொன்னதுதான் விலை. சம்பள நாளில் இரண்டு வரிசைக்கும் ஒரே மேசையில் ஒரே மாதிரித்தான் எண்ணிக் கொடுப்பேன். ஆனால் உள் டிவிஷன் பெண்கள் வாங்கிய கையோடு மடியிலிருந்து 555 புத்தகத்தை எடுத்துப் பார்ப்பார்கள். கடன் எழுதி எழுதி அதன் அட்டை நைந்து போயிருக்கும். கூலி ஒன்றாக இருந்தும் இரண்டு வீட்டு உலையில் ஒரே அளவு அரிசி விழவில்லை.

இந்த இடைவெளியை அளக்கும் முறைக்குப் பொருளியலில் ஒரு பெயர் உண்டு என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. ‘வாங்கும் திறன் சமநிலை’ என்பார்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பிய நாணயங்கள் தலைகீழாகிக் கிடந்தபோது, எந்த நாணயத்துக்கு எது நியாயமான மாற்று மதிப்பு என்று தேடிய ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்தாவ் காசல் 1918இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே கூடைப் பொருளை இந்த ஊரில் வாங்க எவ்வளவு, அந்த ஊரில் வாங்க எவ்வளவு? அந்த இரண்டு தொகைகளின் விகிதம்தான் இது. நாணய மாற்றுக் கடையின் பலகையில் எழுதியிருக்கும் விகிதம் வேறு, இது வேறு.

நம் ஜொகூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் இரு கரையிலும் நாம் ‘வெள்ளி’ என்றே சொல்கிறோம். 1973 மே மாதம் வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகவே செல்லுபடியாயின. பிறகு பாதை பிரிந்தது. இன்று அந்த ஒரு வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆனால் விலைப்பலகையில் உள்ள எண்கள் பல இடங்களில் அவ்வளவாகப் பிரியவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சிங்கப்பூர்த் தேக்காவில் முடி வெட்டிக்கொண்டேன், 12 வெள்ளி. ரெங்கத்தில் நான் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கும் 12 வெள்ளிதான். இரண்டு கடையிலும் கத்தரி பிடித்தவர் தமிழ்நாட்டுக்காரர். தலைக்கு இருபது நிமிடம். இங்கே உள்ளவர் கை ஒன்றும் மெதுவான கை அல்ல.

அப்படியானால், நம் காசில் பார்த்தால் அங்கே ஏன் மூன்று மடங்கு? பொருளியலாளர்கள் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியாக இதற்கு விளக்கம் எழுதினார்கள். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இயந்திரத்தின் துணையால் ஓர் ஆள் ஒரு நாளில் உண்டாக்கும் மதிப்பு மிக அதிகம், அதனால் கூலியும் அதிகம். முடிதிருத்துநருக்கு அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் கத்தரியை வைத்துவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். எனவே முடிவெட்டும் விலையும் கூலியோடு சேர்ந்து ஏறுகிறது. முடிவெட்டை லாரியில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்கவும் முடியாது. தங்கம் அப்படியல்ல. சேதாரம், கூலி, வரி நீங்கலாக ஒரு கிராம் தங்கம் குளுவாங்கிலும் தேக்காவிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். நம் ஊரில் முடிவெட்டு மலிவு என்று மகிழும்போது, வெட்டுகிறவரின் கூலி குறைவு என்பதையும் நான் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் 1,700 வெள்ளிக்கு வந்தது.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். உலக வங்கி ஒருங்கிணைக்கும் அனைத்துலக ஒப்பீட்டுத் திட்டத்தின் 2011 கணக்கெடுப்பில், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை வாங்க மலேசியாவில் சுமார் 1.46 வெள்ளியும் சிங்கப்பூரில் 0.89 சிங்கப்பூர் வெள்ளியும் போதும் என்று வந்தது. ஒன்றை ஒன்றால் வகுத்தால், ஒரு சிங்கப்பூர் வெள்ளி அங்கே செய்யும் வேலையை இங்கே நம் 1.64 வெள்ளி செய்தது. அதே ஆண்டு மாற்றுக் கடையில் அதற்கு 2.43 வெள்ளி கிடைத்தது. அதாவது அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே வாடகை கொடுக்கிறவனுக்கு ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி என்பது 2,430 அல்ல, 1,640தான். இன்றைய எண்கள் வேறு, இடைவெளி மட்டும் இன்னும் இருக்கிறது. அதோடு இது நாடு முழுவதற்குமான சராசரி. அரசாங்கச் செலவும் கட்டுமானமும்கூட இதில் அடக்கம். உங்கள் மகன் அங்கே கொடுக்கும் வாடகை அந்தச் சராசரிக்குள் அடங்காது.

ஆகவே அம்மா, அவன் சம்பளத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு அனுப்பும் பணம் பாலம் தாண்டி வருகிறது. அதை மாற்று விகிதத்தில் பெருக்குங்கள், அந்த மூன்று மடங்கு உண்மைதான். அங்கே செலவாகும் பணத்தைப் பெருக்கவே பெருக்காதீர்கள். ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு விடியற்காலை நான்கு மணிக்கே குடிநுழைவு வரிசையில் நிற்கிறார்களே, அவர்கள் அந்தக் கரையில் சம்பாதித்து இந்தக் கரையில் செலவழிப்பதற்காகத்தான் தூக்கத்தை விடுகிறார்கள். உங்கள் மகன் எவ்வளவு அனுப்புகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. மாதம் 500 சிங்கப்பூர் வெள்ளி அனுப்புகிறான் என்றாலே அது பொறுப்புள்ள பிள்ளை.

கேள்வி: ‘பிக் மேக்’ ரொட்டியை வைத்து நாடுகளின் விலைவாசியை ஒப்பிடுகிறார்களாமே, நாம் ரொட்டி சானாயை வைத்து ஒப்பிடலாமா?
(ஆறாம் படிவ மாணவி, குளுவாங்)

பதில்: ‘தி எக்கனாமிஸ்ட்’ இதழ் 1986இல் தொடங்கிய கணக்கு அது. எங்கும் ஒரே செய்முறை என்பதுதான் அதன் பலம். ஆனால் இந்தியாவில் அந்தக் கடைகளில் மாட்டிறைச்சி கிடையாது, அங்கே கோழியில் செய்ததை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ரொட்டி சானாய்க்கு இன்னும் சிக்கல் உண்டு, மகளே. பாலம் தாண்டினால் அதன் பெயரே ‘பிராட்டா’. எத்தனை கிராம் மாவு, என்ன எண்ணெய், சாம்பாரா கறிக்குழம்பா, ஒட்டுக்கடையா குளிர்சாதன உணவகமா என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தால்தான் இரண்டும் ஒரே பொருள். விலையெடுப்பவர்களின் பெரும்பாடு இதுதான். அதனால்தான் ஒரு பொருளோடு நிற்காமல் நூற்றுக்கணக்கான பொருள்களை எடுக்கிறார்கள். அரசாங்கம் விலையைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்களிலும் கவனம் வேண்டும். நம் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் 2.50 வெள்ளிக்குக் கிடைப்பது மானியத்தால்தான். சிங்கப்பூர்ப் பதிவு எண் கொண்ட கார்களுக்கு ரோன் 95 பெட்ரோல் விற்கக் கூடாது என்று தடையிருப்பதும் அதே காரணத்தால்தான். தோழிகளோடு ஒரு நாள் முயன்று பாருங்கள், முடிவை எனக்கு அனுப்புங்கள். ஆசையோடு படிப்பேன்.

கேள்வி: ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டில் போய்க் குடியிருந்தால் ராஜாவாக இருக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
(ஓய்வுபெற்ற மண்டோர், சிம்பாங் ரெங்கம்)

பதில்: பாதி உண்மை, ஐயா. அதே 2011 கணக்கில், நம் ஒரு வெள்ளிக்கு மாற்றுக் கடையில் 15 ரூபாய் கிடைத்தது. அந்த ஒரு வெள்ளி இங்கே வாங்கியதை அங்கே பத்து ரூபாய் சொச்சத்தில் வாங்க முடிந்தது. இட்லி, ஆட்டோ, சலவை, வீட்டு வேலைக்கு ஆள் என்று மனிதர் கையால் நடப்பவற்றில் உங்கள் பணம் நீளும். கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி, தங்கம் ஆகியவற்றில் நீளாது. நீங்கள் எதற்குச் செலவழிப்பவர் என்று எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். விமான டிக்கெட்டை மட்டும் மறந்துவிடாமல் தாராளமாகவே எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் இங்கேதானே இருக்கிறார்கள்.