மண்ணுக்குள் வேகும் விருந்து: ஹாங்கி பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறோம். ரோட்டோருவாவில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஹாங்கி சாப்பிட டிக்கெட் எடுக்கலாம் என்கிறார்கள். எங்கே போனாலும் மண்ணில் புதைத்துத்தான் சமைப்பார்களா?

பதில்: இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். ரோட்டோருவாவில் பூமியே ஆவி விடுகிறது. அங்குள்ள ஃபாகரேவரேவா கிராமத்தில், ஆவி வரும் துவாரத்தின் மேல் பெட்டி அமைத்து, அதற்குள் உணவை இறக்கி மூடிவிடுவார்கள். விறகும் வேண்டாம், கல்லும் வேண்டாம். தலைமுறை தலைமுறையாக வந்த முறை என்பதால் இதைப் போலி என்று சொல்லவே கூடாது. ஆனால் குழி ஹாங்கியின் புகையும் மண்வாசமும் இதில் வராது. வேறு சில இடங்களில் கேஸ் அடுப்பில் வைத்த எவர்சில்வர் டிரம்மில் ஆவி கட்டி, அதையும் ஹாங்கி என்றே பரிமாறுகிறார்கள். "கல் சுட்டு, குழியில் புதைப்பதா? குழியைத் திறக்கும்போது நாங்கள் பார்க்கலாமா? எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். திறப்பதைப் பார்க்காமல் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் பாதி அனுபவம் போய்விடும்.

கேள்வி: குழிக்குள் என்னதான் நடக்கிறது? சில நேரம் வேகாமல் போய்விடும் என்கிறார்களே, ஏன்?

பதில்: எல்லாமே கல்லின் சூட்டில் இருக்கிறது. குழி சுமார் அரை மீட்டர் ஆழம். ஆட்கள் கூடினால் அகலத்தைக் கூட்டுவார்கள். மானுகா போன்ற கெட்டி விறகை அடுக்கி, மேலே எரிமலைக் கற்களை வைத்து 3, 4 மணி நேரம் எரிப்பார்கள். முதலில் கல்லில் கரி படியும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்க் கல் வெளுக்கும், அதுதான் பதம். ஈரம் ஊறிய ஆற்றுக் கல்லைப் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். கல் கிடைக்காத இடத்தில் பழைய ரயில் தண்டவாளத் துண்டுகளும் உதவும். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரத்தை எரிக்கவே கூடாது. அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கலாம்.

பிறகு தணலையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளுவார்கள். இதில் சோம்பினால் உணவில் கரிந்த வாடை ஏறிவிடும். கம்பிக் கூடையில் முட்டைக்கோஸ் இலை பரப்பி, கீழே இறைச்சி, மேலே கூமரா என்ற சர்க்கரைவள்ளி, உருளை, பூசணி. கல்லின் மேல் தண்ணீர் தெளித்துக் கூடையை இறக்கி, ஈரத் துணி, ஈரச் சாக்கு, அதன் மேல் மண். இதெல்லாம் வேகமாக நடக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் சூடு போகிறது. எங்காவது மெல்லிய ஆவி கசிந்தால் உடனே அங்கே ஒரு மண்வெட்டி மண் விழும். 3, 4 மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள்.

கல் சரியாகச் சுடாதது, ஆவி கசிந்தது, இறைச்சியின் நடுவில் உறைபனி கரையாமல் இருந்தது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். திறந்தபின் வேகவில்லை என்று தெரிந்தால் திரும்ப மூடிப் பயனில்லை, கல் ஆறியிருக்கும். உங்கள் தட்டில் கோழி எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சாப்பிடலாமா?

பதில்: காய்கள் மேலே இருந்தாலும் இறைச்சியின் ஆவி அவற்றின் வழியாகத்தான் ஏறுகிறது. ஒரே குழி என்றால், தனிக் கூடையில் வைத்தாலும் ஆவி ஒன்றுதான். இது உங்களுக்கு ஒப்பாது என்றால், தனியாகச் சமைத்த உணவு உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஃபாகரேவரேவாவில் வெந்நீர் ஊற்றில் வேகவைத்த சோளக்கதிர் கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கேள்வி: மராயே என்ற சமூக வளாகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: வரவேற்புச் சடங்கில் வீரர் ஒருவர் கண்ணை உருட்டி, ஆயுதம் சுழற்றி வருவார். சிரிக்காதீர்கள், வந்தவர் நண்பரா பகைவரா என்று சோதிக்கும் சடங்கு அது. பின்னர் மூக்கும் நெற்றியும் தொட்டு மூச்சைப் பகிரும் ஹொங்கி. கூட்ட மண்டபத்துக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றுங்கள். மேசை மேல் உட்காராதீர்கள், உணவு வைக்கும் இடம் அது. கரகியா என்ற பிரார்த்தனை முடியும்வரை தட்டில் கை வைக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதும் அந்தச் சடங்கின் பகுதிதான்: வரவேற்பின் தாபு என்ற புனிதக் கட்டு உணவோடுதான் அவிழும். அதனால் பசியில்லை என்றாலும் கொஞ்சமாவது சாப்பிடுங்கள்.