லவுண்ட்ஸ் கவுண்டி: நிலம் யாருடையதோ… (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து லவுண்ட்ஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பற்றிய உங்கள் கட்டுரையில் ஓரிடம் உறுத்துகிறது. அங்கே நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பினத்தவர், ஆனால் 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை என்கிறீர்கள். 1870-லேயே சட்டம் வாக்குரிமை தந்துவிட்டதே! இத்தனை பேர் இருந்தும் ஏன் ஒருவரும் துணியவில்லை? கோழைகள் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. இப்போதாவது அங்கே நிலைமை சரியாகிவிட்டதா?

ச.

அன்புள்ள ச.,

பயம் இருந்தது. ஆனால் ‘கோழைகள்’ என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நீங்களே அதைச் சொல்ல மாட்டீர்கள்.

அது கரிசல் பூமி. 1814-இல் கிரீக் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் தெற்குக் கரோலினாவிலிருந்து பருத்திப் பண்ணையார்கள் அடிமைகளோடு வந்து இறங்கினார்கள். 1830-இல் கவுண்டி உருவானபோது தங்கள் ஊர் அரசியல்வாதி வில்லியம் லவுண்ட்ஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தலைநகர் ஹெய்ன்விலும் இன்னொரு கரோலினா அரசியல்வாதியின் பெயர்தான். ஃபோர்ட் டெபாசிட் என்ற ஊர் மட்டும் அதற்கும் மூத்தது. 1813-இல் ஜெனரல் கிளைபோர்னின் படை தானியமும் தளவாடமும் சேர்த்துவைத்த கோட்டை அது.

1865-இல் அடிமைமுறை ஒழிந்தது, நிலம் கைமாறவில்லை. விடுதலையானவர்கள் அதே வயலில், விளைச்சலில் பங்கு தரும் வாரமுறையில் உழுதார்கள். விதை, ஏர், கடைக்கடன், குடியிருக்கும் வீடு எல்லாம் பண்ணையாருடையவை. மாநிலத்தின் 1901 அரசியலமைப்பு வாக்களிக்கக் கட்ட வேண்டிய தேர்தல் வரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் கொண்டுவந்தது. அதையும் தாண்டி ஒருவர் பெயர் பதியப் போனால் செய்தி பண்ணையார் காதுக்குப் போகும்; மறுநாள் அவருக்கு வீடு இருக்காது. அதே காலத்தில் வெள்ளையர் பெயர்கள், வாக்களிக்கும் வயதுள்ள வெள்ளையரின் எண்ணிக்கையைவிட அதிகமாகப் பட்டியலில் இருந்தன!

மார்ச் 1965-இல் துணிந்து போனவர்களில் இருவரின் பெயர் ஏறியது. ஒருவர் ஜான் ஹியூலட். அதே மாதம் 25-ஆம் தேதி, கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கான செல்மா ஊர்வலத்துக்கு உதவ வந்த வயோலா லியூஸோ இந்தக் கவுண்டியின் நெடுஞ்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 20 அன்று ஹெய்ன்வில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட இறையியல் மாணவர் ஜொனதன் டேனியல்ஸ், குளிர்பானம் வாங்க ஒரு சிறு கடையின் வாசலுக்குப் போனார். துப்பாக்கி நீண்டதும், பக்கத்தில் நின்ற பதினேழு வயது ரூபி சேல்ஸைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டார். சுட்டவரை ஜூரிகள் விடுவித்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த ஜனங்கள் வரிசையில் நின்று பெயர் பதிந்தார்கள். அதற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்கள் அந்தக் குளிர்காலத்தில் 80-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டன. இரவில் அந்தவழியே போகும் கார்களிலிருந்து சுட்டார்கள். அப்படியும் அந்தக் குடும்பத்தினர் கைக்குழந்தைகளோடு அங்கேயே இருந்தார்கள், சிலர் இரண்டு ஆண்டுகள் வரை. நான் அந்தக் கூடாரங்களின் புகைப்படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இவர்களையா கோழைகள் என்பது?

1966-இல் தங்களுக்கென்று ஒரு கட்சி தொடங்கினார்கள். எழுத்தறியாதவர்களுக்காகச் சின்னம் வைப்பது அலபாமா வழக்கம். ஜனநாயகக் கட்சிக்கு வெள்ளைச் சேவல், இவர்களுக்குக் கருஞ்சிறுத்தை. பின்னால் கலிஃபோர்னியாவில் புகழ்பெற்ற ‘பிளாக் பாந்தர்’ (கருஞ்சிறுத்தை) இயக்கம் அந்தச் சின்னத்தை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. அவ்வருட நவம்பரில் நிறுத்திய வேட்பாளர்கள் அனைவரும் தோற்றார்கள். 1970-இல் ஹியூலட் அந்தக் கவுண்டியின் ஷெரீஃபாக (காவல் தலைவராக) தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நிலைமை சரியாகிவிட்டதா என்கிறீர்கள். பருத்திக்குப் பேர்போன அதே களிமண் தண்ணீரை உள்ளே விடாது. சாதாரண செப்டிக் டேங்க் அங்கே வேலை செய்யாது. அந்த மண்ணுக்கு ஏற்ற அமைப்பு ஏழைக் குடும்பத்தின் கைக்கு எட்டாத விலை. ஆகவே பல வீடுகளில் கழிவறைக் குழாய் கொல்லைப்புறப் பள்ளத்தில் போய் முடிகிறது. பெருமழை பெய்தால் கழிவுநீர் குளியல் தொட்டி வழியாக வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது. இதைச் சரிசெய்யப் பணமில்லாதவர்களை வழக்குப் போடுவோம் என்று அதிகாரிகள் மிரட்டியும் இருக்கிறார்கள். 2023-இல் மத்திய நீதித்துறை, குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் விசாரித்து மாநில சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2025 ஏப்ரலில் அடுத்து வந்த அரசு அதை ரத்து செய்துவிட்டது.

அன்புடன்.