பெட்டியில் 120 பிஎஸ்ஐ என்று போட்ட மினி பம்ப்பை நம்பி வாங்கலாமா?

கேட்டவர் 1000 ரூபாய்க்குள் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்க ஒரு மினி பம்ப் பார்த்து வைத்திருக்கிறார். கையடக்கமாக இருக்கிறதாம், 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை அடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதாம், வாங்கலாமா என்கிறார். என்ன சைக்கிள் என்று சொல்லவில்லை. 120 பற்றி யோசிப்பதால் ஒல்லி டயர் போட்ட ரோடு பைக், ஹைப்ரிட் வகைச் சைக்கிளாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பஞ்சர் கடை இல்லாத சாலைகளில் ஓட்டுபவர் என்றும்.

வாங்க வேண்டாம். குறைந்தபட்சம், அந்த எண்ணுக்காக வாங்க வேண்டாம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி போய்த் திரும்பும் 300 கிலோமீட்டர் பிஆர்எம் என்ற நெடுந்தூர சைக்கிள் பயணம். தெரியாதவர்களுக்கு: இது பந்தயம் இல்லை. 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் எது பழுதானாலும் நாமே சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு முன் 200 கிலோமீட்டர் இரண்டு முறை முடித்திருந்தேன். 300 அதுதான் முதல் முறை. அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் புதுச்சேரி தொட்டாயிற்று. கால் நன்றாக இருந்தது, வயிறும் ஒத்துழைத்தது. திரும்பி வரும்போது மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் தளர்ந்தது. லாரி டயர் வெடித்த துண்டுகளில் தலைமுடி போல ஒரு கம்பி இருக்குமே, அதுதான் குத்தியிருந்தது. கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புது டியூப் மாட்டினேன். பத்து நிமிட வேலை.

அப்புறம் காற்று. என்னுடையது 700×28 டயர், அதாவது 28 மில்லிமீட்டர் அகல ஒல்லி டயர், நான் ஓட்டுவது 80 பிஎஸ்ஐயில். முதல் நாற்பது ஐம்பது அடி சுலபமாக இறங்கியது. அதன் பிறகு பிடி கீழே போகவே மறுத்தது. முட்டியில் வைத்து அழுத்தினேன், சக்கரத்தைச் சாய்த்து வைத்து அழுத்தினேன். அந்தப் பம்ப்புக்கு ஹோஸ் (வளையும் குழாய்) கிடையாது, தலையை நேராக வால்வில் மாட்ட வேண்டும். நான் அழுத்தும் ஒவ்வொரு முறையும் வால்வு இப்படியும் அப்படியும் ஆடியது. கடைசியில் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். வால்வு டியூபோடு சேரும் அடிப்பகுதி கிழிந்துவிட்டது. அந்த இடத்தில் ஒட்டுப் போட முடியாது. புது டியூப் அத்தோடு போயிற்று.

பழைய டியூபின் ஓட்டையைத் தேடி, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். இந்த முறை பயந்து பயந்து அடித்ததில் எவ்வளவு ஏறியதென்று தெரியவில்லை, கட்டைவிரலால் அழுத்தினால் டயர் உள்ளே போனது. காற்று குறைவான டயர் பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்மில் நசுங்கி இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் விழும், பாம்பு கடித்த மாதிரி. ஆறு கிலோமீட்டரில் அதுவும் நடந்தது. தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைக்கார அண்ணன் இரண்டையும் அழகாக ஒட்டிக் கொடுத்தார். ஆனால் அவருடைய கம்ப்ரசர் தலை மோட்டார் பைக் வால்வுக்கானது, என் டியூபில் இருந்ததோ ஒல்லியான பிரெஸ்டா வால்வு. நடுவில் மாட்டும் பித்தளை அடாப்டர் ஒன்று இருந்திருந்தால் இரண்டே நிமிடம். சில பத்து ரூபாய் சாமான், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். என்னிடம் இல்லை. மீன் ஏற்றப் போன ஒரு டாட்டா ஏஸ்காரர் சைக்கிளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார், காசு வாங்கவில்லை.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் எழுதினார்: “பம்ப்பில் ஒன்றும் கோளாறு இல்லை மேடம், கையில் பலம் வேண்டும்.” என் எடை 50 கிலோ. உண்மைதான், நான் பயில்வான் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி பல நாள் உறுத்தியது. 200 கிலோமீட்டரை இரண்டு முறை முடித்தவளிடம் சொல்லும் பதிலா அது?

அதனால் அளந்து பார்த்தேன். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் பம்ப்பை நிறுத்தி, டயரில் காற்று ஏற ஏற எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்று பார்த்தேன். 60 பிஎஸ்ஐயில் மெஷின் 32 கிலோ காட்டியது. 80ஐ நெருங்கும்போது 40 கிலோவைத் தாண்டியது, என் குதிகால் தரையை விட்டு எழும்பியது. அதுவும் தரையில் ஊன்றி அடித்தபோது. சாலையில் பம்ப்பை இரண்டு கைக்கும் நடுவில் அந்தரத்தில் பிடித்து அடிக்கிறோம், உடல் எடையை அதில் போடவே முடியாது.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. என் பம்ப் உருளையின் உள்விட்டம் 30 மில்லிமீட்டர். பரப்பளவு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். 100 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ, ஆக மொத்தம் 50 கிலோ. என் முழு எடை. பெட்டியில் போட்டிருந்த 120க்கு 60 கிலோ வேண்டும். 20 மில்லிமீட்டர் உருளை என்றால் பரப்பு 3 சதுர சென்டிமீட்டரை ஒட்டித்தான் வரும், 100 பிஎஸ்ஐக்கு 22 கிலோ போதும். பதிலுக்கு ஒவ்வொரு அடியிலும் உள்ளே போகும் காற்று பாதிக்கும் குறைவு. 700×28 டயருக்கு 200 அடி அடிக்க வேண்டியிருக்கும். அடிக்கலாம், 200 அடி ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒரு அடி கூட இறங்காத பம்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உடற்பயிற்சிக்குத் தினமும் போகும் ஒரு நண்பரிடமும் அதே பம்ப்பைக் கொடுத்தேன். அவருக்கு 85 கிலோ. 80 பிஎஸ்ஐயோடு நிறுத்திக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டுத் தடித்த பம்ப்பெல்லாம் மோசம் என்று நான் சொல்வதாக யாரும் எழுத வேண்டாம். 26×2.1 மாதிரி அகலமான எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) டயருக்கு 35 பிஎஸ்ஐ போதும், அங்கே ஒல்லி பம்ப்பை வைத்துக்கொண்டு அடித்தால் பொழுது விடிந்துவிடும். அதற்குத் தடித்த உருளைதான் சரி. டயருக்கு ஏற்ற உருளை. அவ்வளவுதான் நான் சொல்வது. இது பெண்களுக்கான ஆலோசனையும் இல்லை.

இந்தச் சோதனைக்காகச் சைக்கிளை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் லிஃப்டில் சைக்கிள் ஏற்றக் கூடாது என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வாஷிங் மெஷின் போகலாம், சோபா போகலாம், துடைத்த டயரோடு 10 கிலோ சைக்கிள் போகக் கூடாது. கீழே நிறுத்தினால் யாராவது சீட்டைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். இரண்டு முறை கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் சைக்கிள் ஓட்டுங்கள் என்று எல்லோரும் சொல்கிற ஊரில் அதை வைக்க ஓர் இடம் கிடைப்பதில்லை.

சரி, இப்போது நான் வைத்திருப்பது டோப்பீக்கின் மார்ஃப் வகைப் பம்ப். ஒல்லி உருளை, ஹோஸ், மடக்கி விரிக்கும் கால்மிதி. தரையில் வைத்து மிதித்துக்கொண்டு அடிக்கலாம், எடை பம்ப்பில் இறங்கும், வால்வு ஆடாது. கைக்குள் அடங்காது, பிரேமில் மாட்ட வேண்டும், விலையும் நீங்கள் சொன்னதைவிட அதிகம். அந்த நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. கால்மிதி இல்லாவிட்டாலும் ஹோஸ் கட்டாயம் இருக்கட்டும். திருகி மாட்டும் ஹோஸ் என்றால் கழற்றும்போது சில நேரம் பிரெஸ்டா வால்வின் உள்பாகமும் சேர்ந்து கழன்று, அடித்த காற்றெல்லாம் போய்விடும். உள்பாகம் கழலும் வகை டியூப் என்றால் அதை வீட்டிலேயே இறுக்கி வைத்துவிடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்குங்கள் என்று கீழே யாராவது சொல்வார்கள். 16 கிராம் சிலிண்டர் ஒரு டயரை நொடியில் நிரப்பும், ஆனால் ஒரு முறைதான். அந்த வாயு சாதாரணக் காற்றைவிட வேகமாக டியூப் வழியே கசியும், அடுத்த நாள் மறுபடி அடிக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் தினசரி ஆபீஸ் போய் வர நன்றாகவே இருக்கிறது. நீண்ட பயணத்தில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வதென்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் நாளே வீட்டில் ஒரு டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அந்தப் பம்ப்பால் மட்டும் நிரப்பிப் பாருங்கள். எத்தனை அடி, எந்த அளவில் கை நிற்கிறது என்று தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்க அப்போது நாளும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணையும், வால்வு ஒல்லியா மோட்டார் பைக் மாதிரியா என்பதையும் கீழே எழுதினால், எந்த அளவு உருளை பொருந்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.